தண்ணீர் மேல் ஓட்டுவதா, வடக்கே போவதா? ஆர்க்டிக் பனிச்சாலைப் பயணத்துக்கு வழி தேர்ந்த கதை

தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் நிறைய வேலை பார்க்கிறது. மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சு போல விழுவதும் பனி, ஆறு கல்லாகிக் கிடப்பதும் பனி. ‘மார்ச் மாதம் ஆர்க்டிக் பனிச்சாலையில் கார் ஓட்டப் போகலாம்’ என்று நண்பர்கள் மூன்று பேர் பேசி முடித்தபோது, இந்தச் சொல்தான் எங்களைக் குழப்பியது. ஒருவர் மனதில் இருந்தது வெண்பனி மூடிய மலைச்சாலை. இன்னொருவர் நினைத்தது உறைந்த ஆற்றின் மேலேயே போகும் ஐஸ் ரோடு. எனக்கு வடக்கே போய் ஆர்க்டிக் கடலின் மேல் கால் வைத்தால் போதும். மூன்றும் ஒரே பயணத்தில் கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டு வரைபடத்தைப் பார்க்க ஆரம்பித்தோம்.

2017 வரை அப்படிக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் இனுவிக் என்ற ஊரிலிருந்து டக்டோயாக்டக் என்ற கடற்கரை ஊருக்கு, மெக்கென்சி ஆற்றுக் கழிமுகத்தின் மேலும், கடைசியில் உறைந்த கடலின் மேலும் ஏறக்குறைய 187 கிலோமீட்டர் ஐஸ் ரோடு போடுவார்கள். உலகில் மக்கள் ஆசைப்பட்டுப் போய் ஓட்டிய ஐஸ் ரோடுகளில் அதுதான் மிகப் பிரபலம். 2017 ஏப்ரலில் அதைக் கடைசியாக மூடினார்கள். அதே ஆண்டு நவம்பரில், நிலத்தின் மேலே ஆண்டு முழுவதும் ஓட்டக்கூடிய 138 கிலோமீட்டர் சரளைச் சாலை திறந்தது. ஊர்க்காரர்களுக்கு நல்ல காலம். எங்களைப் போன்ற ஆட்களுக்குத்தான் இழப்பு. அதிலிருந்து ‘கடல் வரை ஓட்டுவது’ ஒரு பயணம், ‘ஐஸ் மேல் ஓட்டுவது’ இன்னொரு பயணம் என்று இரண்டும் பிரிந்துவிட்டன. பழைய படங்களைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுகிறவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

வழிகளைப் பார்க்கும் முன் மாதத்தை முடிவு செய்துவிடுவது நல்லது. இனுவிக்கில் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை சூரியன் உதிப்பதே இல்லை; நார்வேயின் ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை இதே நிலைமைதான். இருட்டில், தெரியாத சாலையில், மைனஸ் 35 டிகிரியில் டயர் மாற்றுவது யாருக்கும் வேண்டாம். மார்ச் மூன்றாம் வாரம் வந்தால் எங்கே போனாலும் பகல் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும், ஐஸும் நல்ல தடிமனில் நிற்கும், இரவில் வடதுருவ ஒளி பார்க்கவும் இருட்டு மிச்சம் இருக்கும். ஏப்ரல் கடைசியில் ஐஸ் ரோடுகளை மூட ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே மார்ச். இதில் எங்களுக்குள் சண்டையே இல்லை.

அப்புறம், ஐஸ் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி. வீட்டில் எல்லோரும் கேட்பது இதைத்தான். கனடாவில் 1970-களிலிருந்து பயன்படும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நல்ல தெளிவான நன்னீர் ஐஸின் தடிமனை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, மறுபடி நான்கால் பெருக்கினால் தாங்கும் எடை கிலோவில் வரும். 30 சென்டிமீட்டர் என்றால் 3,600 கிலோ. சாமான் ஏற்றிய பிக்கப் ஒன்று போகலாம். ஒரு மீட்டர் என்றால் 40,000 கிலோ. தடிமன் இரண்டு மடங்கானால் தாங்குதிறன் நான்கு மடங்காகிறது. அதனால்தான் சாலை போடுகிறவர்கள் முதலில் பனியை வழித்து எடுக்கிறார்கள். விழுந்த பனி கம்பளி மாதிரி ஆற்றைப் போர்த்தி வைக்கும். போர்வையை எடுத்தால்தான் குளிர் உள்ளே இறங்கி ஐஸ் தடிமனாகும். பற்றாத இடத்தில் துளை போட்டு, கீழிருந்து தண்ணீரை மோட்டாரில் இறைத்து மேலே பரப்புவார்கள். பனியும் தண்ணீரும் கலந்து உறைந்த வெள்ளை ஐஸ் கொஞ்சம் சோப்ளாங்கி, அதைப் பாதி பலமாகத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

எடையைவிட வேகம்தான் ஆபத்து. ஐஸ் மேல் கார் போகும்போது அந்தப் பாளம் லேசாகக் குழிந்து, கீழே தண்ணீரில் ஓர் அலை கிளம்புகிறது. அலையின் வேகமும் காரின் வேகமும் ஒன்றானால் குழிவு பெரிதாகி ஐஸ் விரிசல் விடும். ஆழம் குறைந்த இடத்தில் அலை மெதுவாகப் போகும்: மூன்று மீட்டர் ஆழத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டி, பத்து மீட்டரில் 35-ஐ ஒட்டி. கரையில் மோதித் திரும்பும் அலை வேறு சேர்ந்துகொள்ளும். அதனால் கரையை நெருங்கும்போது, ஏறும்போதும் இறங்கும்போதும், பலகையில் போட்டிருக்கும் வேகத்துக்குள் ஊர்ந்தே ஆக வேண்டும். படம் எடுப்பதற்கென்று நடு ஐஸில் காரை மணிக்கணக்கில் நிறுத்துவதும் தப்பு. நிற்கும் எடைக்கு ஐஸ் மெல்ல மெல்ல வளைந்துகொடுத்துக்கொண்டே போகும்.

இவ்வளவும் மனதில் இருக்கட்டும், இனி வழிகள்.

முதலில் வந்தது லாப்லாந்து. பின்லாந்தின் ரோவனியெமியில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, இனாரி ஏரி வழியாக வடக்கே ஓட்டி, நார்வேயின் நோர்ட்காப் முனை வரை சுமார் 700 கிலோமீட்டர். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே ஷெங்கன் விசாவில் பின்லாந்து, சுவீடன், நார்வே மூன்றும் அடங்கும். வாடகைக் காரில் குளிர்கால டயர் கேட்காமலே போட்டிருக்கும், பெரும்பாலும் ஆணி பதித்தது. நூறு கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒரு பெட்ரோல் நிலையமோ காபிக்கடையோ வந்துவிடும். போனில் சிக்னல் இருக்கும். முன்பின் பனியில் ஓட்டாதவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, நார்வே கடலோரம் சூடான நீரோட்டத்தால் அவ்வளவு குளிராது. மார்ச்சில் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே ஆடிக்கொண்டிருக்கும். குளிர் குறைவு என்றால் நல்லதுதானே என்று தோன்றும். உண்மை நேர் எதிர். மைனஸ் 30-ல் ஐஸ் உலர்ந்து, டயருக்குக் கொஞ்சம் பிடி கொடுக்கும். பூஜ்யத்தை ஒட்டி அதன் மேல் மெல்லிய ஈரப்படலம் இருக்கும். எண்ணெய் தடவிய கண்ணாடி போல வழுக்கும். நோர்ட்காப்புக்குக் கடைசி 13 கிலோமீட்டரைக் குளிர்காலத்தில் தனியாக ஓட்டவே விடமாட்டார்கள். குறித்த நேரத்தில் பனி வழிக்கும் வண்டி முன்னே போக, பின்னால் வரிசையாகப் போக வேண்டும். காற்று பலமாக இருந்தால் அதுவும் கிடையாது. பின்லாந்துப் பக்கம் இன்னொரு தொல்லை கலைமான். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வண்டிகளில் அடிபடுகின்றன. ஒன்று குறுக்கே ஓடினால் பின்னால் இன்னும் நான்கு வருகின்றன என்று வைத்துக்கொண்டு நின்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது விஷயம்தான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. இந்த வழியில் நீங்கள் ஓட்டுவது பனி மூடிய தார்ச்சாலையில். தண்ணீர் மேல் போகும் ஐஸ் ரோடு வேண்டுமென்றால் பின்லாந்தில் ஔலு நகரத்துக்கு அருகே ஹைலுவோட்டோ தீவுக்குப் போடுவார்கள், சுவீடனில் லூலேயோ தீவுகளுக்குப் போடுவார்கள். இரண்டுமே ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருக்கின்றன. ஹைலுவோட்டோ சாலை சில கிலோமீட்டர்தான். குளிர் தணிந்த ஆண்டுகளில் திறப்பதே இல்லை. நம்பி டிக்கெட் போட முடியாது. காசு கொடுத்து ஐஸில் வழுக்கி விளையாட வேண்டுமென்றால் மட்டும் சுவீடனின் ஆர்யெப்லோக் பக்கம் வழி உண்டு. ஐரோப்பியக் கார் நிறுவனங்கள் உறைந்த ஏரிகளில் புது வண்டிகளைச் சோதிக்கும் இடம் அது. பயிற்சி வகுப்பும் நடத்துகிறார்கள். ஏரியிலேயே சுற்றிச் சுற்றி வருவதைப் பயணம் என்று சொல்ல எங்கள் மூவருக்கும் மனம் வரவில்லை.

அடுத்து அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை. தொலைக்காட்சியால் ஐஸ் ரோடு என்று பெயர் வாங்கிய சாலை இது, ஆனால் ஆற்றின் மேலோ ஏரியின் மேலோ போவதில்லை. எண்ணெய்க் குழாய் போடுவதற்காக 1974-ல் வெட்டிய 666 கிலோமீட்டர் லாரிச் சாலை. நடுவழியில் வரும் கோல்ட்ஃபுட் என்ற சிற்றூரைத் தாண்டினால், சாலை முடியும் டெட்ஹார்ஸ் வரை 380 கிலோமீட்டருக்குமேல் பெட்ரோல் இல்லை, கடை இல்லை. நடுவில் ப்ரூக்ஸ் மலைத்தொடரின் அட்டிகன் கணவாய், 1,444 மீட்டர் உயரம், பனிச்சரிவு விழும் இடம். இத்தனையும் தாண்டி டெட்ஹார்ஸ் போய்ச் சேர்ந்தால் கடல் இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி எண்ணெய் நிறுவனங்களின் வாயிற்கதவுக்கு அப்பால் இருக்கிறது. சொந்த வண்டியில் உள்ளே விடமாட்டார்கள். வாசல் வரை போய்விட்டு வர எனக்கு விருப்பமில்லை. மலை கேட்ட நண்பர் மட்டும் ஒரு வாரம் இதற்காக வாதாடிப் பார்த்தார்.

கனடாவின் யெல்லோநைஃப் நகரத்துப் பக்கமிருந்து வைரச் சுரங்கங்களுக்குப் போகும் திபிட் – கான்ட்வாய்டோ குளிர்காலச் சாலையைச் சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பார்கள். 1982-லிருந்து ஆண்டுதோறும் புதிதாகப் போடுகிறார்கள், பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மேல் போகிறது. ஐஸ் ரோடு என்ற பெயருக்கு முழுத் தகுதி அதற்குத்தான். ஆனால் அது சுரங்க நிறுவனங்களின் சரக்குச் சாலை. சுமை லாரிகள் மணிக்கு 25 கிலோமீட்டரில் ஊரும் பாதையில், வெளியாட்களுக்குத் தங்க இடமோ பெட்ரோலோ இல்லாமல், கடைசியில் சுரங்க வாசலில் திரும்பி வருவதற்காகப் போவானேன்? யெல்லோநைஃபிலேயே கிரேட் ஸ்லேவ் ஏரியின் ஒரு விரிகுடாவைக் கடந்து டெட்டா கிராமத்துக்குப் போகும் ஆறு கிலோமீட்டர் ஐஸ் ரோடு இருக்கிறது. ஒரு மாலையில் போய் வந்துவிடலாம். ஐஸ் மேல் ஓட்டும் ஆசை மட்டும் உள்ளவருக்கு இது தாராளமாகப் போதும். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 450 கிலோமீட்டர் தெற்கே என்பதுதான் குறை. ரஷ்யாவின் யாகுட்ஸ்க் பக்கத்து உறைநதிச் சாலைகளைப் போர்ச் சூழல் காரணமாக முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

மீதி இருந்தது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. இதைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் பேசினோம்.

கனடாவின் யூகான் பிரதேசத்தில் டாசன் நகரத்துக்கு 40 கிலோமீட்டர் முன்னால் பிரிந்து, இனுவிக் வரை 736 கிலோமீட்டர் போகும் சரளைச் சாலை. 1979-ல் திறந்தார்கள். பெயர் வந்த கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1910 டிசம்பரில் ஃபோர்ட் மெக்ஃபர்சனிலிருந்து டாசனுக்கு நாய்வண்டியில் கிளம்பிய போலீஸ் குழு ஒன்று, வழி தெரிந்த குவிச்சின் பழங்குடி வழிகாட்டியை நடுவில் திருப்பி அனுப்பிவிட்டு, பாதையைத் தவறவிட்டது. உணவு தீர்ந்து, இழுத்து வந்த நாய்களையே சாப்பிட்டு, புறப்பட்ட ஊருக்குத் திரும்பும் வழியில் நான்கு பேரும் இறந்தார்கள். மார்ச் மாதம் அவர்கள் உடல்களைத் தேடிக் கண்டுபிடித்தவர் டெம்ப்ஸ்டர் என்ற போலீஸ்காரர். சாலைக்கு அவர் பெயர். நான்கு கல்லறைகளும் ஃபோர்ட் மெக்ஃபர்சனில், சாலை போகும் ஊரிலேயே இருக்கின்றன.

இந்த வழியில் மலையும் உண்டு, ஐஸும் உண்டு. டூம்ஸ்டோன் மலைகள் தொடக்கத்திலேயே வந்துவிடும். 369-வது கிலோமீட்டரில் ஈகிள் ப்ளெயின்ஸ், அங்கே ஹோட்டலும் பெட்ரோலும். 405-ல் ஆர்க்டிக் வட்டம். அதற்கு அப்புறம் ரைட் கணவாய். காற்று மரமில்லாத மேட்டில் குறுக்கே அடித்து, பத்து நிமிடத்தில் சாலையைக் காணாமல் செய்துவிடும். பிறகு பீல் ஆறும் மெக்கென்சி ஆறும். கோடையில் பரிசலைப் போலப் படகு வண்டிகளை ஏற்றிக் கடத்தும். குளிர்காலத்தில் ஆற்றின் மேலேயே நேராக ஓட்டிப் போகிறோம். ஐஸ் ரோடுதான், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூட வராது என்றாலும். யூகானின் தலைநகர் வைட்ஹார்ஸிலிருந்து இனுவிக் போய் டக்டோயாக்டக்கையும் பார்த்துத் திரும்பினால், போக வர மொத்தம் 2,700 கிலோமீட்டருக்குமேல்.

தடுப்பது தூரம் இல்லை, காத்திருப்பு. காற்று கிளம்பினால் கணவாயை மூடிவிடுவார்கள். ஒரு நாளா மூன்று நாளா என்று யாரும் சொல்ல முடியாது. ஈகிள் ப்ளெயின்ஸில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். போகும்போதும் வரும்போதும் தலா இரண்டு நாளைக் காற்றுக்கென்று ஒதுக்காமல் கிளம்பினால், விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் போகக் கூடாத வேளையில் போகத் தோன்றும். இந்தச் சாலையில் விபத்துக்கு அதைவிடச் சுலபமான வழி வேறில்லை. எங்களுக்கு விடுப்பு பத்து நாள்தான். அதில் நான்கு நாள் காற்றுக்கு.

இன்னொரு சிக்கல் வாடகை ஒப்பந்தம். சரளைச் சாலையில் வண்டியை எடுத்துப் போகக் கூடாது, குறிப்பாக டெம்ப்ஸ்டரில் கூடாது என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கும் ஒப்பந்தங்கள் நிறைய. நான் ஒருமுறை வேறொரு ஊரில், கண்ணாடியில் கல் பட்ட விரிசலுக்காக மூன்று மாதம் ஒரு வாடகை நிறுவனத்தோடு மல்லுக்கட்டியவன். அதனால் இப்போதெல்லாம் சாலையின் பெயரை எழுதி, அனுமதி உண்டு என்று எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டுவதில்லை. வைட்ஹார்ஸில் உள்ளூர் நிறுவனங்களிடம் கேட்டால் ஆணி டயர், இரண்டு ஸ்டெப்னி, என்ஜின் ஹீட்டர் எல்லாம் வைத்த வண்டி கிடைக்கக்கூடும், வாடகை அதற்குத் தக்கபடி. அந்த ஊர்க் கார்களின் மூக்கிலிருந்து ஒரு பிளக் தொங்கும். இரவில் அதைச் சுவரில் மாட்டாமல் தூங்கினால் காலையில் என்ஜின் ஆயில் தேன் பதத்தில் இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஐஸ் ரோடு கேட்ட நண்பர் ஒன்று சொன்னார்: ‘டெம்ப்ஸ்டரை ஏன் ஓட்டிக் கடக்க வேண்டும்? பறந்து போய் இனுவிக்கில் இறங்கினால் என்ன?’ மூன்று பேருக்கும் அதுவரை தோன்றாதது ஆச்சரியம்தான். வைட்ஹார்ஸிலிருந்தும் யெல்லோநைஃபிலிருந்தும் இனுவிக்குக்கு விமானம் இருக்கிறது. ஊரில் வாடகை வண்டி கிடைக்கிறது. அங்கிருந்து இரண்டு திசையில் இரண்டு சாலை. வடக்கே டக்டோயாக்டக், 138 கிலோமீட்டர் நிலச்சாலை. கடைசியில் உறைந்த கடல், நடந்து போய் மேலே நிற்கலாம். அந்த ஊரைச் சுற்றிப் பிங்கோ என்ற, உள்ளே ஐஸ் வைத்து வீங்கிய மண்குன்றுகள். பெரியது இப்யுக், ஏறக்குறைய 50 மீட்டர் உயரம்.

இன்னொரு திசையில் அக்லாவிக். சுமார் 117 கிலோமீட்டர், கழிமுகக் கால்வாய்களின் மேல் போகும் அசல் ஐஸ் ரோடு. டக்டோயாக்டக் ஐஸ் ரோடு போய்விட்டாலும் இது இன்னும் ஆண்டுதோறும் போடப்படுகிறது, ஏனென்றால் அக்லாவிக்குக்கு வேறு சாலையே கிடையாது. கோடையில் படகு அல்லது விமானம்தான். அந்த ஊருக்கு ஒரு ரோஷமான கதை உண்டு. வெள்ளம் வருகிறது, கரை அரிக்கிறது என்று 1950-களில் அரசு இனுவிக்கைப் புதிதாகக் கட்டி, எல்லோரும் அங்கே வந்துவிடுங்கள் என்றது. ஒரு பகுதி மக்கள் மாட்டோம் என்று அங்கேயே இருந்துவிட்டார்கள். ‘ஒருபோதும் மனம் தளராதே’ என்ற பொருளில் ஊருக்கு ஒரு வாசகமும் வைத்துக்கொண்டார்கள். பயணிகளுக்காக யாரும் இந்தச் சாலையைப் போடவில்லை. பலசரக்கும் டீசலும் உறவினர்களும் போய் வருகிற பாதையில் நாம் ஒட்டிக்கொண்டு போகிறோம்.

பனி வழித்த இடங்களில் கருநீலக் கண்ணாடி போல ஐஸ் தெரியும், அதற்குள் வெள்ளை நரம்புகளாக விரிசல்கள். குளிர் ஏறி இறங்கும்போது துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம் வரும். முதல்முறை கேட்பவர் பயந்துபோவார். பெரும்பாலும் அது ஐஸ் சுருங்கி விரிகிற சத்தம்தான். ஐஸ் மேல் தண்ணீர் ஏறி நிற்பதைக் கண்டால் மட்டும் துணிச்சல் காட்டாமல் திரும்பிவிட வேண்டும்.

பறந்து போவதில் குறை இல்லாமல் இல்லை. வடக்கு விமான டிக்கெட் விலை கையைக் கடிக்கும். கேம்ப் அடுப்புக்கான எரிவாயு விமானத்தில் ஏறாது. சின்ன ஊர் என்பதால் வண்டிகள் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஐஸ் ரோடில் ஓட்ட அனுமதி உண்டா என்பதை இங்கேயும் எழுத்தில் கேட்க வேண்டும். டூம்ஸ்டோன் மலையை விமான ஜன்னலில்கூடப் பார்க்க முடியாமல் போகலாம். மலை கேட்ட நண்பருக்கு அதில் வருத்தம்.

எந்த வழியாக இருந்தாலும் வண்டியில் இருக்க வேண்டியவை ஏறக்குறைய ஒன்றுதான்: ஆளுக்கொரு கனமான தூக்கப்பை, மண்வெட்டி, இழுவைக் கயிறு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, இரண்டு நாள் உணவு. டெம்ப்ஸ்டருக்கும் அக்லாவிக்குக்கும் சாட்டிலைட் போன் வேண்டும். நடுவழியில் சிக்னல் இருக்காது. மாட்டிக்கொண்டால் வண்டியைவிட்டு நடக்கக் கூடாது. என்ஜினை ஓடவிட்டு உட்காரும் முன், புகைக்குழாய் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் விஷப்புகை உள்ளே வரும்.

முதன்முறை போகிறவர், குடும்பத்தோடு போகிறவர், பனியில் ஓட்டிப் பழகாதவர் என்றால் லாப்லாந்து. யோசிக்கவே வேண்டாம். மூன்று வாரம் விடுப்பும், பனியில் பழகிய கையும், நாள் தள்ளிப்போனால் கோபப்படாத துணையும் இருந்தால் டெம்ப்ஸ்டர்; அழகில் அதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. எங்களைப் போலப் பத்து நாள்காரர்களுக்கு விமானத்தில் இனுவிக். அக்லாவிக்குக்கு இரண்டு நாள், டக்டோயாக்டக்குக்கு இரண்டு நாள், காற்று அடித்தால் இடம் மாற்றிக்கொள்ள நடுவில் இரண்டு நாள் என்று ஒதுக்கியிருக்கிறோம். மலை கேட்ட நண்பர் ஒப்புக்கொண்டுவிட்டார், ஒரு நிபந்தனையோடு: வைட்ஹார்ஸ் வழியாகத்தான் பறக்க வேண்டும், ஜன்னல் இருக்கை அவருக்கு.